சிடுமூஞ்சியின் பல்

புகைப்படக் கண்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளுயரச் சிறுத்தை, வாயைப் பிளந்துகொண்டு நேராக நம்மைப் பார்க்கிறது. கீழே ஓர் அட்டை: 'நடுக்காட்டில் நாற்பது நாள் காத்திருந்து எடுத்தது. முதல் பரிசு.' தேதி, நேரம் எல்லாம் அச்சடித்திருந்தார்கள்.

காடாம், காத்திருந்தாராம்! அது எங்கள் சிடுமூஞ்சி. மிருகக்காட்சி சாலையில் பதினோரு வருஷமாக நான் கறி போட்டு வளர்த்தவள்.

"அக்கா, மெதுவா பேசு. சிறுத்தைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்," என்றான் தம்பி. இந்தப் படங்களுக்கு ஃபிரேம் போட்டவன் அவன். வீட்டிலேயே அடைந்து கிடக்காதே என்று என்னை இழுத்து வந்தவனும் அவன்தான்.

"உனக்கு ஃபிரேமைப் பத்தித்தான்டா தெரியும். பல்லைப் பாரு."

இடது கோரைப்பல். எலும்பைக் கடித்து உடைத்துக்கொண்டாள் என்று மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர் அதற்கு எஃகு உறை போட்டார். மயங்கிக் கிடந்தவளின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். படத்தில் அந்த உறை பளபளக்கிறது. பின்னால் மங்கலாக, நான் நட்டு நீலக் கயிற்றால் கட்டிவைத்த மூங்கில். கூண்டுக்குப் பின்னால் இருக்கும் முற்றம் அது.

அப்புறம்தான் தேதியைப் படித்தேன்.

அது ஒரு திங்கட்கிழமை. எங்கள் புலி, சிறுத்தைகளுக்கு அன்றுதான் பட்டினி நாள். வயிறு கெடாமலிருக்க வாரத்தில் ஒருநாள் கறி கிடையாது. பசியோடு இருக்கும் என்பதால் பின்கதவைத் திறக்கவே கூடாது. அன்று சாயங்காலம் பார்த்தால் சிடுமூஞ்சி முற்றத்தில் திரிகிறாள். சாவி இரண்டே கொத்து. ஒன்று என்னிடம், மற்றது கண்காணிப்பாளரிடம். பழி யார் தலையில் விழும்? மறுநாளே அவர் கையெழுத்துப் போட்டு என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். இன்றோடு நாற்பது நாள். வியாழக்கிழமை விசாரணை. வேலை போனது போனதுதான் என்று கூட வேலை செய்கிறவர்களே சொல்லிவிட்டார்கள்.

கூடத்தின் நடுவில் படக்காரர் கையில் பரிசோடு நின்றார். பக்கத்தில் சிறப்பு விருந்தினராக யார்? சாட்சாத் எங்கள் கண்காணிப்பாளர். படக்காரரின் அக்காவைக் கட்டியவர். எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. நேரே போய் நின்றேன்.

"ஏன் சார், எந்தக் காட்டுல சிறுத்தைக்குப் பல் டாக்டர் இருக்காரு?"

நாலு பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பல்லைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

"வேலையை விட்டு நிறுத்தின அம்மா. ஏதோ கோவத்துல உளறுது," என்றார் கண்காணிப்பாளர்.

"உளறலா? அந்தப் பல் வைத்தியத்துக்கு அனுமதி குடுத்ததே நீங்கதானே சார்! அன்னைக்கு நான் கதவைத் திறக்கலை. அப்ப இந்த மனுஷன் பூட்டை உடைச்சுத்தானே உள்ள போயிருக்கணும்? கூப்பிடுங்க போலீசை!"

படக்காரருக்கு வியர்த்துவிட்டது. "நான் பூட்டை உடைச்சேனா? நல்லா இருக்கே! மச்சான், நீங்கதானே சாவி போட்டுத் தொறந்து விட்டீங்க? சும்மா நிக்கிறீங்களே, சொல்லுங்க மச்சான்!"

மச்சான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். மெதுவாகப் பேசச் சொன்ன என் தம்பி, செல்போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் போய் அந்த அட்டையைப் பிய்த்தேன்.

"அதை ஏன் எடுக்குறீங்க? அது என்னோடது," என்றார் படக்காரர்.

"நாற்பது நாள் காத்திருந்தது நான் சார்," என்று அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்குங்க."