முன்வரிசைக்குப் புஷ்டியான பிள்ளைகள்

"அந்த ஒல்லிப் பையனைப் பின்னாடி தள்ளுங்க. போட்டோல விழக் கூடாது!"

பிணத்தின் காலடியில் நின்றுகொண்டு மேற்பார்வையாளர் கத்தினாள். இறந்துகிடந்த அம்மாவின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி, புதுச் செருப்பு. அதைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை மகராசிக்கு. கையில் மலர்வளையம். அதில் அம்மாவின் பெயரைவிடத் துறையின் பெயர் பெரிதாக இருந்தது.

அம்மா அங்கன்வாடிக் குழந்தைகள் மைய டீச்சர். பாட்டும் அவளே, கஞ்சியும் அவளே, கர்ப்பிணிகளுக்கு மாத்திரையும் அவளே. நேற்று அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாள். இரண்டு நாள் முன்பு லீவு கேட்டதற்கு இதே புண்ணியவதி சொன்னாள்: "துறை இயக்குநர் வர்ற வாரம் பார்த்துத்தான் உனக்கு நெஞ்சு வலிக்குமா?"

அந்த இயக்குநர் இன்று அஞ்சலிக்கே வருகிறார். 'எங்கள் பகுதியில் எடை குறைந்த பிள்ளையே இல்லை' என்று கணக்குக் காட்டி அவரிடம் பாராட்டு வாங்கியவள் மேற்பார்வையாளர். ஒல்லிப் பிள்ளைகளைக் கண்டால் நெளிவாளா, மாட்டாளா?

மாமா ஓடி வந்தார். அம்மாவின் தலைமாட்டில் ஓடிய ஒரே மின்விசிறியை மேற்பார்வையாளர் பக்கம் திருப்பினார்.

"அம்மாவுக்கு மாமா..."

"செத்தவளுக்கு வேர்க்காதும்மா. மேடம் எவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்காங்க!"

அம்மாவின் கூடப்பிறந்தவர். நல்ல பிறப்பு.

மேற்பார்வையாளர் குனிந்து மகளின் தோளைத் தட்டினாள். "அம்மா வேலை உனக்குத்தான். நான் சொன்னா சார் தட்ட மாட்டார். பார்த்து நடந்துக்க."

வாடகை வீடு. வேறு வருமானம் கிடையாது. மகள் எழுந்தாள். தாய்மார்களின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்த ஒல்லிப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கைபிடித்து அழைத்து வந்து முன்னால் நிறுத்தினாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு?"

"எங்கம்மா ராத்திரியெல்லாம் கவலைப்பட்டது இதுங்களுக்காகத்தான் மேடம். இதுங்க முதல்ல பார்க்கட்டும்."

மாமா பல்லைக் கடித்தார். "தேடி வந்த வேலையை எட்டி உதைக்கிறாளே!"

"உங்க பொண்ணுக்குக் கேளுங்க மாமா. விசிறியைத் திருப்பி விட்ட கைக்கு இல்லேன்னா சொல்லுவாங்க?"

வாசலில் கார் நின்றது. இயக்குநரும் பின்னாலேயே புகைப்படக்காரரும் உள்ளே வந்தார்கள். மேற்பார்வையாளரின் குரலில் திடீரென்று தேன் வடிந்தது. "செல்லங்களா, வரிசையா வந்து டீச்சரைக் கும்பிடுங்க."

முதலில் நின்ற பையனுக்கு நாலு வயது. பார்த்தால் இரண்டுதான் சொல்லலாம். டீச்சரின் முகத்தருகே வந்தவன் கும்பிடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக மூடி, வாயை அகலத் திறந்தான். அடுத்தவளும் திறந்தாள். அதற்கடுத்தவனும்.

"என்ன இது?" என்றார் இயக்குநர்.

"சத்து மருந்து குடுக்கிற அன்னிக்கு இப்படித்தான் வரிசையில நிப்பாங்க சார்," என்றாள் மகள். "அம்மா வாயில சொட்டு விடுவாங்க."

மேற்பார்வையாளர் சிரிக்கப் பார்த்தாள். புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார்.

பையன் நகரவில்லை. வாயோரம் எச்சில் வழிய, ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டான்.