வலப்பக்கக் குஞ்சம்

சித்தாளின் மூத்த மகள் ஒத்திகைக்காகத் தலையில் வைத்த பட்டமளிப்புத் தொப்பி அதற்குப் பிறகு பதினோரு வருஷம் கழலவில்லை. அந்த வருஷம் சிமெண்டு விலை ஏறியிருந்தது. பல்கலைக்கழகத்தின் புது அரங்கத்தில் பாதிப் பூச்சு வேலை பாக்கி இருந்தது, அதற்கு அவளுடைய அம்மாதான் கலவை சுமந்துகொண்டிருந்தாள். தொப்பி வாடகைத் தொப்பி. விழாவுக்கு முந்தின நாள் அங்கிகளையும் தொப்பிகளையும் மூட்டை கட்டிக் கொண்டுவரும் தொப்பிக்காரர், ஒவ்வொரு தலைக்கும் அளவு பார்த்து வைத்தபடியே, கேட்டாலும் கேட்காவிட்டாலும் தொப்பியின் கதையைச் சொல்வார். முதலில் சாமியார்களும் வாத்தியார்களும் போட்டதாம். படித்து முடித்தவனுக்குச் சதுரம், படிக்க வந்தவனுக்கு வட்டம் என்று ஒரு காலத்தில் பிரித்து வைத்திருந்தார்களாம். எங்கோ ஒரு பழைய பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மனுப் போட்டு, மல்லுக்கு நின்று, தங்களுக்கும் சதுரத்தை வாங்கிக்கொண்டார்களாம். "சும்மா வந்த தொப்பி இல்லம்மா இது. அடம் பிடிச்சு வாங்குனது," என்று சொல்லி, மூத்தவளின் குஞ்சத்தை வலப்பக்கம் தொங்கவிட்டார். மறுநாள் துணைவேந்தர் சொன்ன பிறகு அதை இடப்பக்கம் மாற்ற வேண்டும். மாற்றினால்தான் பட்டதாரி.

ஒத்திகை முடிவில் துணைவேந்தர் ஒப்புக்கு, "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார். அந்தக் கேள்விக்கு யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. மூத்தவள் எழுந்தாள். நூலகம் ராத்திரி பத்து மணிவரை திறந்திருக்கிறது, பெண்கள் விடுதிக் கேட்டை மட்டும் ஏன் ஆறு மணிக்குச் சாத்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பதிவாளர் அறைக்கு ஆள் வந்து கூப்பிட்டான்.

"ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடு. நாளைக்குப் பட்டத்தை வாங்கிட்டுப் போயிட்டே இரு," என்றார் பதிவாளர்.

"கேள்வி கேட்டதுக்கு எதுக்கு சார் மன்னிப்பு?"

"அப்ப பட்டம் கிடையாது. தொப்பியைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பு."

அவளும் நியாயமாக இரண்டு கையாலும் கழற்றத்தான் பார்த்தாள். வரவில்லை. பதிவாளர் இழுத்தார், ஆபீஸ் பையன் நாற்காலிமேல் ஏறி இழுத்தான், தொப்பிக்காரர் எண்ணெய் விட்டுப் பார்த்தார். கடைசியில் முடிதிருத்துபவரை வரவழைத்துத் தொப்பிக்கு அடியில் கத்தியை விட்டு மழித்தார்கள். முடி வந்தது, தொப்பி வரவில்லை. எக்ஸ்ரேயில் தலை இருந்தது, தொப்பி இருந்தது, இரண்டையும் பிடித்துவைக்கிற எதுவும் இல்லை. குஞ்சமும் அப்படித்தான். புயல் அடித்த வருஷத்தில்கூட அது வலப்பக்கத்தை விட்டு நகரவில்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கால் கழுவிக்கொண்டிருந்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "கலவை வெச்சுப் பூசுற பலகையாட்டம் இருக்கு. இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்றாள். நடந்ததைக் கேட்ட பிறகு, "சரி, கழுத்தை வளைக்காம நட. தலையில பாரம் இருக்கும்போது கீழே பாக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. மூத்தவள் ஒரு கட்டட நிறுவனத்தில் மேற்பார்வைக்கும் வரைபட வேலைக்கும் சேர்ந்தாள். ஹெல்மெட் போடாத பெண்ணை வேலையிடத்தில் விட மாட்டேன் என்று பாதுகாப்பு அதிகாரி மறித்த அன்றே, மூன்றாவது மாடியிலிருந்து ஒரு செங்கல் அவள் தலைமேல் விழுந்து இரண்டாக உடைந்தது. தொப்பியில் கீறல்கூட இல்லை. அதிகாரி வழி விட்டார். கல்யாணமும் ஆனது. புருஷன் எலக்ட்ரீஷியன், முதல் வாரம் தொப்பி முனை கண்ணில் குத்தியது, இரண்டாவது வாரத்துக்குள் எந்தப் பக்கமாகக் கிட்டே வரவேண்டும் என்று பழகிக்கொண்டான். பேருந்தில் பின்சீட்டுக்காரர்கள் முணுமுணுப்பதும் நின்றது. ஊர் பழகிவிட்டது. ஆனால் பொறியியல் பட்டம் இல்லாததால் அவளால் கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. அவள் வரைவாள், பக்கத்து மேஜைக்காரன் கையெழுத்துப் போடுவான், கல்வெட்டில் அவன் பெயர் ஏறும். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் விழாவுக்கு முன்னால் பதிவாளர் வீடு தேடி வந்தார். தலையில் தொப்பியோடு ஒருத்தி தெருவில் நடமாடுவது பல்கலைக்கழகத்துக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. மன்னிப்பும் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வந்தது. இரண்டு வரி ஒரு வரியானது, ஒரு வரி ஒரு சொல்லானது. அவள் வரைந்த பள்ளிக்கூடத்தைப் பக்கத்து மேஜைக்காரன் ரிப்பன் வெட்டித் திறந்த வருஷம், மூத்தவள் பேனாவைக் கையில் எடுத்தே விட்டாள். அன்று அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. பேனா தாளைத் தொட்டதும் தொப்பி லேசாகத் தளர்ந்தது. அந்தத் தளர்வுதான் அவளுக்கு ரோஷத்தைக் கிளப்பியது. பேனாவை மூடி வைத்தாள். தொப்பி பழையபடி இறுகிக்கொண்டது.

பதினோராவது வருஷ விழா சாயங்காலம் நடந்தது. துணைவேந்தர் குஞ்சத்தை மாற்றச் சொன்னார். அரங்கம் முழுக்க மாணவர்கள் மாற்றினார்கள். கையை எடுத்ததும் அத்தனை குஞ்சமும் வலப்பக்கமே திரும்பி வந்தது. மறுபடி சொன்னார், மறுபடி வந்தது. ஒருவன் குண்டூசி குத்திப் பார்த்தான், ஊசி வளைந்தது. பெற்றவர்கள் கேமராவைத் தூக்கியபடி கை கடுத்து நின்றார்கள். பதிவாளர் காரை எடுத்துக்கொண்டு நேராக மூத்தவளின் வேலையிடத்துக்கு வந்தார். அம்மா அங்கேதான் மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் எழுத வேணாம்மா. வாயால வருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"கேட்டை இப்போ எத்தனை மணிக்கு சார் சாத்துறீங்க?"

"ஆறு."

"நூலகம்?"

"பத்து."

"அப்ப நான் கேட்டது அங்கேயேதான் நிக்குது. பதிலை அங்க சொல்லுங்க சார், என்கிட்ட எதுக்கு?"

பதிவாளர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு விடுதி வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, கேட்டைச் சாத்த வேண்டாம் என்றார். ஆறு மணி அடித்தது, கேட் திறந்தே கிடந்தது. அந்த நேரத்தில் அரங்கத்தில் அத்தனை குஞ்சமும் ஒன்றாக இடப்பக்கம் விழுந்ததாம், யாரும் கை வைக்கவில்லை.

"அடியே, உன்னுதும் இந்தப் பக்கம் வந்துடுச்சு," என்றாள் அம்மா.

மூத்தவள் தொப்பியைத் தொட்டாள். சாதாரணத் தொப்பிபோலக் கழன்று கைக்கு வந்தது. மணல் குவியல்மேல் உட்கார்ந்து, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துத் தலையைச் சொறிந்துகொண்டாள். பட்டம் அடுத்த வாரம் வந்தது. அன்றே ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டாள். தொப்பிக்காரர் தொப்பியைக் கேட்டு வந்தபோது அது அவள் தலையில்தான் இருந்தது.

"இன்னும் கழலலையாம்மா?"

"கழலுது அண்ணே. நாந்தான் கழட்டல."

இப்போதும் அந்தப் பல்கலைக்கழகத்தில் குஞ்சத்தை மாற்றச் சொல்லுமுன், விடுதிக் கேட் திறந்திருக்கிறதா என்று ஓர் ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்கிறார்கள். ஒரு வருஷம் புது வாட்ச்மேன் தெரியாமல் சாத்திவிட்டதால் விழா கொஞ்சம் தாமதமானது. மற்றபடி நேரத்துக்கு நடக்கிறது.