பத்துமணிப் பூவும் ஒரு வாளித் தண்ணீரும்

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். விடிந்ததும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவர் வண்டியைக் கிளப்பியதே கிடையாது. அப்படிப்பட்டவரிடம், "மாமா, இது வெயில்ல வளர்ற செடி. தண்ணி ஊத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் மருமகள் ஒரு மாதப் பயிற்சிக்கு வெளியூர் போனாள். அவள் நட்ட பத்துமணிப் பூ வாசலோரம் தரையோடு தரையாகப் படர்ந்து பூத்துக் கிடந்தது.

தண்ணீர் வேண்டாத செடியாம். "சோம்பேறிக்கு ஏத்த செடியாப் பாத்து வச்சிருக்கா என் மருமக" என்று எதிர்வீட்டுத் தையல்காரரிடம் நக்கலடித்துவிட்டு, தினமும் வாளி வாளியாக ஊற்றினார். மனுஷனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அவள் திரும்புவதற்குள் தண்டெல்லாம் அழுகிக் கூழாகிவிட்டது. சுரண்டி அள்ளிக் குப்பையில் போட்டார்.

"வெயில்ல கருகிடுச்சும்மா" என்றார், கூசாமல்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "என் தப்புதான் மாமா. ஊத்தச் சொல்லியிருக்கணும்."

ஆஸ்பத்திரித் தோட்டத்திலிருந்து நாலு தண்டு கிள்ளி வந்து நட்டாள். இனி தினமும் ஒரு வாளி ஊற்றுவது அவர் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டாள். மாட்டிக்கொண்டார் மனுஷன். அவள் பார்க்க வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். அவள் தலை மறைந்ததும் சாக்கடையில் கொட்டுவார். செடி வாசலை அடைத்துப் பூத்தது. "எல்லாம் மாமா கைராசி" என்று அவள் வாய் நிறையச் சொல்லும்போதெல்லாம் அவர் வாளியைக் கவிழ்த்து வைக்கப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் தண்டு கேட்டு வந்தார். மருமகள் கை நிறையக் கிள்ளிக் கொடுத்தாள். "தினமும் ஒரு வாளி ஊத்திடுங்கண்ணே. எனக்குத்தான் அது தெரியல. மாமாதான் காப்பாத்துனாரு."

தையல்காரர் தலையாட்டிக்கொண்டு படி இறங்கினார். மாமனார் எட்டி அவர் கையைப் பிடித்தார்.

"ஊத்தாதப்பா" என்றார். "முன்னாடி இருந்ததை வெயில் கருக்கல. நான்தான் ஊத்தி ஊத்தி அழுக வச்சேன்."

"அப்போ தினமும் தூக்கிட்டுப் போறது?" என்றாள் மருமகள்.

"சாக்கடைக்கு."

தையல்காரர் வாய்க்குள் சிரித்தார். "அப்ப சோம்பேறிச் செடின்னு சொன்னீங்களே அண்ணே."

மருமகள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை வாளி வழக்கமான இடத்தில் இல்லை. பூக்கள் விரியும்வரை வெறுங்கையோடு வாசலிலேயே நின்றிருந்தார்.