கொடை லீவு

ஆடி மாதம் முதல் செவ்வாய் காலை ஷிப்டுக்கு சாரம்மாள் மில் வாசலில் வந்து நின்றபோது, ஆவுடைநாயகம் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவர் எங்கள் சங்கச் செயலாளர். காவல்காரரைவிட வாசலில் அதிகம் நிற்பவர்.

"இங்கன எதுக்கு வந்தே? கொடை லீவுல்லா?"

"வேலைக்கு வந்தேன் அண்ணாச்சி. நான் வேதக்காரி. எனக்கு எந்தச் சாமிக்குக் கொடை?"

"அப்ப வீட்ல இருந்து ஜெபம் பண்ணு."

"அத மிஷின் பாத்துக்கிட்டே பண்ணிக்கிடுதேன்."

நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா, ஜன்னலுக்குள் இருந்தேன். சங்கம் போராடி வாங்கிய சலுகை என்று இந்தக் கோயில் திருவிழா லீவுக்காக ஆவுடைநாயகத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். ஆனால் தற்காலிகத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் லீவு. நிரந்தரக்காரர்களுக்கு ஏனோ பக்தி தேவைப்படவில்லை. லீவு முடிந்து திரும்புகிறவர்களைப் புது ஆட்களாகச் சேர்த்துக்கொள்வார்கள். புது ஆள் நிரந்தரமாக முடியாது. நிரந்தரமாகாதவருக்குப் போன வருடம் வந்த பென்ஷன் திட்டத்தில் இடமில்லை. ஆள்குறைத்தால் நஷ்டஈடும் இல்லை. முதலாளி இதைச் செய்தால் வழக்கு வரும். சாமி பெயரில் சங்கம் செய்ததால் மாலை வந்தது.

சாரம்மாள் வருடாவருடம் புது ஆளாகச் சேர்ந்தே நரைத்தவள். நேற்று என்னிடம் விவரம் கேட்டாள். பாளையங்கோட்டையில் மாலை வகுப்பில் தொழிலாளர் சட்டம் படிக்கிறேன், பாதிதான் புரிகிறது. "லீவு எடுக்காமல் வந்தால் இடைவெளி விழாது" என்று சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று பஸ்ஸில் வீடு போகும்வரை யோசித்தேன். இப்போதும் உறுதியில்லை. அவளுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

மேனேஜர் தில்லைநாயகம் காரில் வந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"என்ன ஆவுடைநாயகம், உம்ம ஆளுக உம்ம பேச்சக் கேக்க மாட்டாங்களா?"

"நான் பாத்துக்கிடுதேன் சார்."

கார் உள்ளே போகும்வரை ஆவுடைநாயகத்தின் குனிந்த இடுப்பு நிமிரவில்லை. நிமிர்ந்ததும் குரல் வந்தது.

"நீ ஒருத்தி எல்லார் லீவையும் கெடுத்துராத. பைய வீட்டுக்குப் போ."

சாரம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து டோக்கனை எடுத்தாள். வாசலில் உள்ள பெட்டியில் அதைப் போட்டால் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. ஆவுடைநாயகம் எட்டிப் பெட்டியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். மணிக்கட்டில் கொடைக்குக் கட்டிய மஞ்சள் காப்பு.

மில்லின் முதல் சங்கு ஊதியது. சாரம்மாளுக்குப் பின்னால் நிரந்தரக்காரர்கள் டோக்கனோடு வந்து சேர்ந்தார்கள். பெட்டி ஒன்றுதான். அவளுக்கு அடுத்து நின்ற இஸ்ரவேல் முதலில் அவளைத்தான் அதட்டினான்.

"சித்தி, தள்ளி நில்லுங்க. நேரமாவுது."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனது.

"வே அண்ணாச்சி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல், "அவ போட்டுட்டுப் போகட்டும். நீரு கைய எடும்."

இரண்டாம் சங்கு ஊதியது. அந்த உள்ளங்கைக்கு முன்னால் சாரம்மாளின் டோக்கன். அவள் தோளுக்கு மேலாக இன்னும் நான்கைந்து கைகள் டோக்கனோடு நீண்டிருந்தன.