காலி வண்டிக்குரிய பக்கம்

முப்பத்திரண்டாம் வயதில் எழுத்துக் கற்று, மறு ஆண்டு, அதாவது 1958-இல், லாரி ஓட்டும் லைசென்ஸ் பெற்றேன். அதுவரை காவாந்தண்டலத்தில் வேதாசலம் என்னும் நிலக்கிழாரின் வயலில் கூலியாக இருந்தேன். என் தந்தை செங்கேணி அவரிடமே நாற்பது ஆண்டுகளாக மாட்டுவண்டி ஓட்டி வந்தார். அந்த வயலுக்குத் திரும்பாதவாறு என்னைக் காத்தது, வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில் லாரியின் வேலை ஒன்றே.

எதிரே வருவது தெரியாத வளைவில் வேகத்தைக் குறைத்து, இடப்புறத்தை விடாமல் செல்ல வேண்டும். உள்வளைவை அறுத்துக்கொண்டு பாயலாகாது. லைசென்ஸுக்காகப் படித்த புத்தகத்தின் இவ்விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

ஆனால் எங்கள் ஏரிக்கரைச் சாலைக்கு வண்டிக்காரர்கள் வகுத்த வேறொரு வழக்கம் உண்டு. ஏரிப்பக்கம் கல் பதித்தது. வயல்பக்கம் சரியும் மண். ஆகவே பாரவண்டி எத்திசையில் சென்றாலும் ஏரிப்பக்கமே செல்லும். காலிவண்டி வயல்பக்கம் ஒதுங்கும்.

தை மாதத்தில் ஒரு காலை, நெல் ஏற்றுவதற்காகக் காலி லாரியுடன் வந்தேன். ஏரி என் இடப்புறம் இருந்தது. வளைவில் வேதாசலத்தின் புதிய கார் எதிர்ப்பட்டது. குடும்பத்தார் அறுவரை ஏற்றியிருந்த அவர், பாரவண்டிக்குரிய ஏரிப்பக்கத்திலேயே, அதாவது என் பக்கத்திலேயே வந்தார். நான் லாரியை நிறுத்திவிட்டேன். அவரால் நிறுத்த இயலவில்லை. காரின் முகப்பு நசுங்கியது; அவர் நெற்றி கிழிந்தது.

மறுநாள் மில் முற்றத்தில் விசாரணை நடந்தது. மில் முதலாளி முத்துகிருஷ்ணன் நேர்மையானவர். ஆயினும் வேதாசலத்தின் நெல்லை நம்பியிருப்பவர்.

"ரூல்படி நான் லெஃப்ட்லதாங்க நின்னுக்கினு இருந்தேன்" என்றேன்.

வேதாசலம் கட்டுப்போட்ட நெற்றியுடன் சிரித்தார். "எல்லப்பன் தொர பொஸ்தகம் படிச்சிட்டாரு! அந்தப் பொஸ்தகத்துல நம்ம ஏரி கீதாடா? நாப்பது வருசம் அங்க ஓட்டனவன் இங்கியே கீறான். இன்னாடா செங்கேணி, காலி வண்டி எந்தப் பக்கம்?"

என் தந்தை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்வந்தார். "வயப்பக்கம் ஆண்டே."

"நைனா, அது மாட்டுக்கு! லாரி வளைவுல பக்கம் மாறுனா எதிர்ல வர்றவன் செத்தான்!"

"மாடோ மோட்டாரோ, கரை ஒண்ணுதானடா? காலி வண்டிய வச்சிக்கினு ஒதுங்காத நின்னவன நான் பாத்ததே இல்ல."

அவர் அஞ்சிப் பொய்யுரைத்திருந்தால் மன்னித்திருப்பேன். தாம் அறிந்த உண்மையையே அவர் உரைத்தார்.

முத்துகிருஷ்ணன் என் முகத்தைப் பாராமல் சாவிக்காகக் கை நீட்டினார். அதை வரதன் என்னும் வேறொரு டிரைவரிடம் கொடுத்து, ஏரிக்கரையில் காலி லாரியை வயல்பக்கமாகவே செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார்.

வெளியே வந்ததும் தந்தை என் தோளைத் தொட்டார். "ஆண்டேகிட்ட சொல்லிட்டேன். அவருக்குக் கோவம் இல்லியாம். நாளைக்கு அறுப்புக்கு வந்துடச் சொன்னாரு."

வீட்டில் ஐந்து வாய்கள் இருந்தன. மறுநாள் கதிர் அறுக்கக் குனிந்தேன். பொழுது ஏறியபோது கரைமேல் மில் லாரி சென்றது. வளைவில், வயல்பக்கமாக, எங்கள் தலைக்கு மேலே, முழு வேகத்தில் சென்றது.

எனக்கு அடுத்து அறுத்துக்கொண்டிருந்த எல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இந்த ஆளுக்குக் கரை தெரிஞ்சிகீது" என்றாள்.