யார் வெட்டில் கம்பம் சாயும்

கோடாரியைப் பார்த்ததும் ஊரில் பாதிப் பேருக்குத் தோள்வலி வந்துவிட்டது.

புனித பிரான்சிஸ் திருவிழாவின் கடைசி மாலை அது. கோயில் முன்னால் நட்டிருந்த கம்பத்தில் வாழைக்குலையும் அன்னாசியும் தொங்கின. உச்சியில் புனிதரின் கொடி. ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒரு வெட்டு என்பது வழக்கம். யார் வெட்டில் கம்பம் சாய்கிறதோ, கொடி அவருக்கு. கொடியோடு சேர்த்துக் கோயிலும் ஒரு வருஷத்துக்கு அவர் தலையில் விழும். ஞாயிறு செபம், நோயாளிகளுக்கு நன்மை என்கிற நற்கருணை அப்பத்தைக் கொண்டுபோவது, அடுத்த திருவிழா, எல்லாம் அவர்தான். அமேசானின் இந்தக் கிளையாற்றுக்குச் சாமியார் படகு வருவதே அபூர்வம். இப்படி ஆறு வற்றிக் கிடக்கையில் அதுவும் இல்லை.

அதனால்தான் எல்லாரும் அவ்வளவு பக்குவமாக வெட்டினார்கள். மரம் அறுக்கிற ஆள் ஒருவன் கோடாரியைக் கையில் வாங்கி, கொசு அடிக்கிற மாதிரி ஒரு தட்டு தட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான்.

மீன் குழம்பு அண்டாவுக்குப் பின்னால் நின்றிருந்த ஜொவெலீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது கம்பமா, உங்க மாமியார் முதுகா? இப்படித் தடவிக் குடுக்கிறீங்க!"

"ரொம்ப அக்கறைன்னா நீயே வந்து வெட்டேன் அக்கா" என்றான் இடுப்பைப் பிடித்தவன்.

"நான் வந்தா குழம்பு அடிப்பிடிச்சிரும். அப்புறம் என்னத்தத் திம்பே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கணவன் எராஸ்மோ மட்டும் மெதுவாகச் சொன்னான்: "அடுப்பு அணைஞ்சு ரொம்ப நேரமாச்சுடி."

அவள் அவனை முறைத்தாள்.

பயம் அவளுக்கும் இருந்தது. விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் அவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூச்சம். போன மழைக்காலத்தில் கோயிலுக்கு எதிர் வீட்டுக் கிழவி கொன்ராடாவை அடக்கம் செய்தபோது பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் படிக்க எழுந்தாள். இரண்டாவது வரியில் குரல் கீச்சென்று போய்விட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதுக்குள் இருக்கிறது.

அந்தக் கொன்ராடா சாகும்போது நன்மை கேட்டாள். நற்கருணைப் பேழை கோயிலில்தான் இருந்தது. சாவியோ, கோயிலைப் பார்த்துக்கொண்ட அபெலினோவின் சட்டைப் பையில். அவர் கண் வைத்தியத்துக்கு நகரத்துக்குப் போயிருந்தார். ஜொவெலீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த செபத்தையெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு எல்லார் மேலும் கோபம். அபெலினோ மேல், சாமியார் மேல், வற்றுகிற ஆற்றின் மேல், உண்மையைச் சொன்னால் ஆண்டவர் மேலும்தான். திருவிழாவின் ஒன்பது நாள் செபமான இந்த நவநாள் முழுக்க அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நல்ல ஆள் ஒருத்தரை அனுப்பு, சாமி. அனுப்பினாரா? இதோ, இடுப்புப் பிடிப்புக்காரர்களாக அனுப்பியிருக்கிறார்.

கோடாரி இரண்டாவது சுற்று வந்தும் கம்பம் அப்படியே நின்றது. செனாய்டி சிஸ்டர் எழுந்தார். திருவிழாவுக்காகக் காய்ந்த சேற்றில் பாதி நாள் நடந்து வந்த கன்னியாஸ்திரி. அவர் முகத்திலும் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

"அபெலினோ மக வீட்டோட நகரத்துக்கே போறாரு. அவருக்கு இனிமே பார்வை தேறாது. பொறுப்பெடுக்க ஆளில்லாத கோயில்ல நற்கருணையை விட்டுட்டுப் போக எனக்கு அனுமதி இல்ல. கீழ்க்கரைக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போறேன். வேணுங்கறவங்க அங்க வாங்க."

சிஸ்டர் அபெலினோவிடம் சாவியை வாங்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார்.

அங்க வாங்களாம்! ஜொவெலீனாவின் கண் எதிர் வீட்டுப் பக்கம் போனது. முன்வாசலில் கட்டிய தூளியில் கொன்ராடாவின் புருஷன், கிழவர் திபூர்சியோ படுத்திருந்தார். இரண்டு காலும் விளங்காது. சனிக்கிழமைதோறும் அவள் கஞ்சி கொண்டுபோகும்போது, "நாளைக்கு நன்மை வருமா?" என்று கேட்பார். "வரும் பெரியப்பா" என்று அவளும் வாய் கூசாமல் பொய் சொல்வாள்.

அப்போதுதான் கொன்ராடா கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. "நன்மை வரலேன்னா போகட்டும். நீ வந்தியே. ஆண்டவர் உன்கூடத்தானே வந்தாரு." அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் அந்தப் பேச்சு அவள் மனதில் ஏறவே இல்லை. இப்போது ஏறியது, நெஞ்சில் அறைந்த மாதிரி. நவநாள் முழுக்க யாரை அனுப்பச் சொல்லி அவரை நச்சரித்தாளோ, அந்த ஆளை அவர் அப்போதே அனுப்பிவிட்டிருந்தார்.

"என்னால முடியாதுன்னு உமக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தாள். "அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. கூடவே நிக்கணும்."

கரண்டியை எராஸ்மோ கையில் திணித்துவிட்டுப் போய்க் கோடாரியை எடுத்தாள். முதல் வெட்டில் சிராய்கள் பறந்தன.

"ஆளுக்கு ஒண்ணுதான் அக்கா!"

"நீங்க வெட்டாத வெட்டையெல்லாம் யாரு வெட்டுறது?"

மறுபடி ஓங்கினாள். கம்பம் முறிந்து, வாழைக்குலையோடு தடாலென்று சாய்ந்தது. பிள்ளைகள் பழத்துக்குப் பாய்ந்தார்கள். அவள் போய்க் கொடியை எடுத்தாள்.

சத்தம் கேட்டுச் சிஸ்டர் வாசலுக்கு ஓடி வந்தார். கொடியை எடுத்தவர்தான் செபத்தைத் தொடங்க வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள்..."

குரல் கீச்சென்று போய் நின்றது. அதே போல, பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு.

ஜொவெலீனாவின் முகம் சிவந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. அந்தப் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சது யாரு? என் குரல் இப்படித்தான் வரும். இந்த வருஷம் முழுக்க இதைத்தான் கேக்கணும். சிரிக்க வாய் இருக்குல்ல? அதே வாயால கூடச் சொல்லுங்க."

முதலில் எராஸ்மோ சொன்னான், கையில் கரண்டியோடு. பிறகு அபெலினோ. பிறகு எல்லாரும். இடுப்புப் பிடிப்புக்காரன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

செபம் முடிந்ததும் குழம்புக்கு வரிசை நின்றது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. சிஸ்டரிடம் போய்க் கையை நீட்டினாள். சிஸ்டர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். பேழையைத் திறக்கும்போதும், சின்ன நற்கருணைச் சிமிழைக் கையில் ஏந்தும்போதும் அவள் கூடவே நின்றார். இருவரும் எதிர் வீட்டுக்கு நடந்தார்கள்.

காலடிச் சத்தத்திலேயே திபூர்சியோவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

"ஜொவெலீனாவா? நாளைக்கு நன்மை வருமா?"

"நாளைக்கு இல்ல பெரியப்பா" என்றாள் அவள். குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "கொண்டு வந்துட்டேன்."