உள்ளே எடுத்து வைத்த செடிகள்

அக்டோபர் பாதியைத் தாண்டிவிட்டால், அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டர் ஊரின் தமிழ் வீடுகளுக்கெல்லாம் ஒரே வேலைதான்: கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கி வைப்பது. கோடை முழுக்க வெளியே வெயில் காய்ந்த செடி, முதல் உறைபனி விழுவதற்குள் வரவேற்பறை ஜன்னலுக்கு வந்துவிட வேண்டும். ஒரு ராத்திரி மறந்தால் போயிற்று. மறுநாள் கறுத்துத் தொங்கும். அந்த நாட்களில் கோவிலில் எதிர்ப்படுகிறவர்கள் குழந்தைகளை விசாரிப்பதற்கு முன்பே, "செடிய உள்ள எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள்.

1997-ஆம் வருஷம் ஷ்யாமளா ஆன்ட்டி தன் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகளையும் வீட்டுச் சாவியையும் வான்மதியிடம் ஒப்படைத்தார். அவர் கணவர் பசுபதியை ஆறு மாத வேலையாகக் கம்பெனி பெங்களூருக்கு அனுப்பியது. ஆன்ட்டியும் ஆபீசில் லீவு போட, இருவருமே கிளம்பினார்கள்.

"வாரத்துக்கு ஒரு தடவ தண்ணி ஊத்து. அவ்ளோதான்" என்றார் ஆன்ட்டி. வழியனுப்ப வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"வெளிய இருக்கறதுக்குங்க ஆன்ட்டி?"

"கோரல் பெல்ஸா? அதுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாம், அப்படியே விட்டுடு. உனக்கு நான் சொல்லணுமா? நீ பாட்டனி எம்.எஸ்ஸி. ஆச்சே!"

எல்லோரும் திரும்பி வான்மதியைப் பார்த்தார்கள். அவள் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கணவனை ஒட்டி மனைவிக்குக் கிடைக்கிற ஹெச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாது. "நீங்க என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால், "வீட்லதாங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாள். அவள் படிப்பை நாலு பேர் நடுவில் ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை. அதனால் 'ஒண்ணுமே பண்ண வேண்டாம்' என்பது அவள் காதில் சரியாக இறங்கவில்லை.

வீட்டின் கிழக்குப் பக்கம், ஒரு பெரிய மேப்பிள் மரத்தின் கீழே, ஒன்பது கோரல் பெல்ஸ் செடிகள் வரிசையாக இருந்தன. காலை பத்து மணிவரை வெயில். அப்புறம் சாயங்காலம்வரை நிழல். மண்ணை ஒட்டிய கொத்துக் கொத்தான வட்ட இலைகள். மே மாதம் அவற்றின் நடுவிலிருந்து ஒன்றரை அடிக்கு மெல்லிய காம்புகள் கிளம்பும். ஒவ்வொன்றிலும் குன்றிமணி அளவில் சிவப்பு மணிகள் வரிசையாகத் தொங்கும். போன மே மாதம் வான்மதி அதைப் பார்த்திருந்தாள்.

நவம்பர் முதல் வாரத்தில் உறைபனி விழுந்தது. காலையில் நடைபாதை இல்லாத சாலையின் ஓரமாகக் கால்மணி நேரம் நடந்து அவள் ஆன்ட்டி வீட்டுக்குப் போனாள். கோரல் பெல்ஸின் இலைகள் கறுத்துக் கண்ணாடிபோல் விறைத்து, தரையோடு படுத்துக் கிடந்தன. செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் சவ்வு கிழியும், சவ்வு கிழிந்தால் இலை செத்தது என்று அவள் படித்திருந்தாள். உள்ளே எடுக்க மறந்த ஒரு வீட்டுக் கறிவேப்பிலை இதே நிறத்தில் தொங்கியதையும் பார்த்திருந்தாள்.

அப்போது மணி எட்டரை. பதினோரு மணிவரை சும்மா நின்றிருந்தால், அந்த இலைகள் தாமாகவே எழுந்துகொள்வதைப் பார்த்திருப்பாள். அந்தச் செடி குளிரைக் கழிக்கும் விதமே அதுதான்.

அவள் நிற்கவில்லை. கராஜிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து ஒன்பதையும் பெயர்த்தாள். ஆன்ட்டி தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருந்த காலித் தயிர் டப்பாக்கள் பேஸ்மென்ட்டில் இருந்தன. ஸ்க்ரூடிரைவரால் அடியில் ஓட்டை போட்டு, ஒரு டப்பாவுக்கு ஒரு செடியாக நட்டு, கறிவேப்பிலை பக்கத்தில் வரிசையாக வைத்தாள். ஜன்னலுக்குக் கீழேயே ஹீட்டரின் சூடான காற்று வந்தது. மத்தியானம் இலைகள் நிமிர்ந்தன. தான்தான் பிழைக்க வைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் கணவன் ஜெயபிரகாஷிடம் அதை இரண்டு தடவை சொன்னாள்.

பொங்கல் முடிவதற்குள் இலை ஓரங்கள் காய ஆரம்பித்தன. புதிதாக வந்த காம்புகள் வெளுத்து நீண்டு சாய்ந்தன. இலைக்கு அடியில் சிலந்திப்பேன் மெல்லிய வலை கட்டியிருந்தது. மூன்றாவது டப்பா முதலில் போயிற்று. நாலு நாள் கழித்து ஆறாவது.

அந்தச் சனிக்கிழமை அவள் லைப்ரரிக்குப் போனாள். தோட்டப் புத்தகம் ஒன்றில் கோரல் பெல்ஸுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். கடுங்குளிரைத் தாங்கும். வெளியிலேயே விடலாம். ஆறிலிருந்து எட்டு வாரம் குளிர் படாவிட்டால் சரியாகப் பூக்காது.

வான்மதி புத்தகத்தை மூடினாள். பூப்பதற்குக் குளிர் வேண்டும் என்ற பாடத்தைப் பற்றி அவள் பரீட்சையில் ஏழு பக்கம் எழுதியிருக்கிறாள். பத்துக்கு ஒன்பது மார்க். எழுதியது கோதுமையைப் பற்றி.

நேராக ஆன்ட்டி வீட்டுக்குப் போய்த் தோட்டத்தில் மண்வெட்டியை வைத்துப் பார்த்தாள். டங்கென்றது. மண் கல்லாக உறைந்திருந்தது.

மறுநாள் பெங்களூரிலிருந்து போன் வந்தது.

"என்ன வான்மதி, செடியெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க ஆன்ட்டி."

"கோரல் பெல்ஸ் மேல ஸ்நோ மூடியிருக்கும் இப்போ."

"ஆமாங்க."

போனை வைத்ததும் அவள் ஆன்ட்டி வீட்டுக்குக் கிளம்பினாள்.

கராஜில் ஹீட்டர் இல்லை. தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் வைத்தாள். ஃபாரன்ஹீட்டில் முப்பத்தெட்டு டிகிரி காட்டியது. உறையாத குளிர். மிச்சம் இருந்த ஏழு டப்பாக்களின் இலைகளையும் சோப்புத் தண்ணீரில் துடைத்தாள். ஒரேயடியாகக் குளிரில் தள்ளக்கூடாது என்று ஒரு வாரம் பேஸ்மென்ட் படிக்கட்டில் வைத்திருந்து, பிப்ரவரி ஒன்றாம் தேதி கராஜுக்கு மாற்றினாள். பார்க்க ஒன்றுமில்லை என்றாலும் தினமும் நடந்து போய்ப் பார்த்தாள். எட்டு வாரம் முடிந்தபோது மண்ணும் இளகியிருந்தது. அடித்தண்டு புதையாமல், வெளியில் துருத்திக்கொண்டும் நிற்காமல், மண்மட்டத்துக்குச் சரியாக ஏழையும் பழைய இடங்களிலேயே நட்டாள். மூன்றாவது இடமும் ஆறாவது இடமும் பல் விழுந்த மாதிரி தெரிந்தன.

ஏப்ரல் கடைசியில் உரம் வாங்க நர்சரிக்குப் போனபோது, அங்கே கோரல் பெல்ஸ் தட்டுத் தட்டாக மொட்டுவிட்டு நின்றது.

"ரெண்டு வாங்கி வச்சரலாம் மதி" என்றான் ஜெயபிரகாஷ். "ஆன்ட்டி என்ன, ஒவ்வொரு செடிகிட்டயும் கைநாட்டா வாங்கி வச்சிருக்காங்க?"

அவள் சிரித்தாள். இரண்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னால் ஒருவர்தான் பாக்கி. அப்போது விலகிப் போய், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

"ஏன் வச்சுட்ட?"

"இது ரெண்டும்தானுங்க மொதல்ல பூக்கும். ஆன்ட்டி இதைத்தான் பாராட்டுவாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருக்கோணும்."

மே மாதம் பத்தாம் தேதி அவர்கள் திரும்பி வந்தார்கள். அடுத்த நாள் வான்மதி சாவியோடு போனாள். வழி நெடுக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. பசுபதி அங்கிள் சோபாவில் தூக்கக் கலக்கத்தில் சாய்ந்திருந்தார்.

"கறிவேப்பில ஒரு அடி வளர்ந்திருக்கேம்மா!" என்றார் ஆன்ட்டி.

வான்மதி சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"ஆன்ட்டி, கோரல் பெல்ஸ நான் வெளிய விடலீங்க. உள்ள எடுத்து வச்சுட்டேன். ரெண்டு செத்துப்போச்சு."

"எங்க? இந்த ஹீட்டர் மேலயா?"

"ஆமாங்க."

"ஒண்ணுமே பண்ண வேண்டாம்னு நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. என்னால ஒண்ணும் பண்ணாம இருக்க முடியலீங்க ஆன்ட்டி."

"போன்ல நல்லாருக்குன்னியே?"

"பொய்யிங்க."

"கறிவேப்பில நல்லாத்தானே இருக்கு, விடேன்" என்றார் அங்கிள் கண்ணைத் திறக்காமல்.

"நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வான்மதி பின்னால் போனாள்.

ஏழில் நாலு செடிகள் பூக்காம்பு விட்டிருந்தன. மற்ற மூன்றும் இலையோடு நின்றிருந்தன. ஆன்ட்டி குனிந்து ஒவ்வொன்றின் அடியையும் விரலால் தள்ளிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. வான்மதி கராஜையும் எட்டு வாரத்தையும் பற்றிச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை ஆன்ட்டி நிமிரவில்லை.

"அந்த மூணு?"

"இந்த வருஷம் பூக்காதுன்னு நினைக்கறேங்க. அடுத்த வருஷம் பூக்கும்."

"ரெண்டு ஓட்டைக்கு என்ன பண்ணப்போற?"

"செப்டம்பர்ல அந்தக் கடைசிச் செடியத் தோண்டி மூணாப் பிரிக்கலாங்க. ஒண்ணு அங்கயே, ரெண்டு இங்க."

"இது புக்ல இருக்கா, இல்ல நீயா நெனச்சதா?"

"புக்லதாங்க. மூணு புக் பாத்துட்டேன்."

ஆன்ட்டி கையிலிருந்த மண்ணைத் தட்டினார். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வான்மதி வாசலுக்குப் போய் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாவிய ஏன் இங்க வச்சுட்டுப் போற? மண்வெட்டி கராஜ்லதானே இருக்கு. செப்டம்பர்ல நான் ஆபீஸ் போயிட்டா யாரு திறந்து விடறது?"

வான்மதி ஒரு காலில் ஷூவோடு திரும்பி வந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.